கணக்கில் வராத டீசல்

பங்குத்தந்தையாக இருக்கிறவருக்குப் பங்கும் உண்டு, பங்க்கும் உண்டு. முன்னது இறைமக்கள் கூடும் இடம். பின்னது வண்டிக்கு டீசல் போடும் இடம். எழுத்தில் பார்த்தால் ஓர் உகரமே வேறுபாடு. ஆனால் மாதக் கடைசியில் கணக்கேட்டைத் திறந்து அமரும்போது, இரண்டாவதற்குக் கொடுத்தது போக முதலாவதற்கு என்ன மிஞ்சியது என்ற கேள்வி எழுந்து நம் எதிரே அமர்ந்துகொள்ளும்.

திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு மூலையில், மலையடிவாரத்துப் பங்கு ஒன்றில் 2019 முதல் 2024 வரை நாம் பணிபுரிந்தோம். தாய்க்கோயில் ஒன்று, கிளைக் கிராமங்கள் ஐந்து. அவற்றுள் ஒன்று மலைமேல். பங்குக்குச் சொந்தமாக ஒரு டன் ஏற்றும் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. 2007-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. நமக்கு முன்னிருந்தவர் 2012-இல் பழைய வண்டியாக வாங்கியது. திருவிழா நாற்காலிகள், ஒலிபெருக்கி, மாணவர் விடுதிக்கு அரிசி, கட்டடத்துக்குச் சிமெண்ட், சில இரவுகளில் பிரசவ வலியெடுத்த பெண்கள், சில பகல்களில் சவப்பெட்டிகள் என்று அது சுமக்காதது எதுவுமில்லை. அதை ஓட்டியவர் அறுபதைக் கடந்தவர். பங்கில் அவருக்கு இருபத்தோராண்டுப் பணி. நாம் அவர் கண்ட ஐந்தாவது சாமியார்.

2023-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா முடிந்த பின் பங்குப் பேரவையின் நிதிக்குழு கூடியது. உறுப்பினர் ஒருவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் டீசல் ரசீதுகளை அடுக்கி, வண்டி ஓடிய தூரத்தை அவற்றால் வகுத்து, ஒரு தாளை நம்முன் நீட்டினார். முன்பு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 9 கிலோமீட்டரே கொடுக்கிறது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆக, 115 லிட்டரில் முடிய வேண்டிய ஓட்டத்துக்கு 167 லிட்டர் செலவாகிறது. அப்போது டீசல் லிட்டர் ஏறத்தாழ 95 ரூபாய். மாதம் 5,000 ரூபாய் எங்கோ போகிறது.

எங்கே போகிறது? அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர், ஓட்டுநர் தம் மகளின் திருமணத்தை அந்தத் தை மாதத்தில் சிறப்பாக நடத்தியதை நினைவுகூர்ந்தார். மற்றொருவர், டீசலை உறிஞ்சி எடுக்க ஒரு முழ ரப்பர் குழாய் போதும் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். நாம் மறுத்துப் பேசவில்லை. இருபத்தோராண்டு உழைத்தவரைப் பற்றி நாலு ஆண்டு பழகியவர் மறுத்துப் பேசுவதற்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை நாம் சொல்லவில்லை.

மறுவாரம் டீசல் டேங்கின் மூடிக்கு ஒரு பூட்டு வந்தது. சாவி நம் மேசையின் இழுப்பறைக்குள் சென்றது. வெளியூரில் திருடர்கள் அதிகம் என்று ஓட்டுநரிடம் ஒரு காரணமும் சொன்னோம். அவர் பூட்டைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். “சரிங்க சாமி” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. டீசல் போடும் நாள்களில் சாவிக்காக வந்து, வாசற்படிக்கு வெளியே நிற்கத் தொடங்கினார். முன்பெல்லாம் உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர் அவர்.

பூட்டுப் போட்ட முதல் மாதம் மைலேஜ் 9. இரண்டாம் மாதம் 9.2. டேங்கிலிருந்து டீசல் திருடு போயிருந்தால் கணக்கு 13-க்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அப்படியானால் திருட்டு இல்லை என்று அன்றே முடிவுக்கு வந்திருக்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு ஓர் இயல்பு உண்டு: தனக்கு எதிரான சான்றையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளும். சாவிக்கு நகல் எடுத்திருப்பாரோ என்றுகூட ஓரிரவு எண்ணினோம். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனினும் எழுதாவிட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

ஜூலை மாதத்தில் ஒரு மாலை, மலைக் கிராமத்தில் திருப்பலி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியின் பின்புறம் திருவிழா ஏலத்துக்காக மக்கள் கொடுத்த வாழைத்தார்கள். அவற்றின்மேல் சாய்ந்தபடி நம் கோயில்பிள்ளை. இரண்டாம் வளைவு தாண்டியதும் ஏதோ ஒன்று குறைவதாக உணர்ந்தோம். சத்தம்! எஞ்சின் சத்தமே இல்லை. காற்றின் ஓசையும் சக்கரங்களின் உரசலும் மட்டுமே கேட்டன. அடுத்த வளைவில் ஓட்டுநர் பிரேக்கின்மீது ஏறக்குறைய எழுந்து நின்று மிதித்தார். கருகிய வாடை வந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னோம். நிறுத்துவதற்கு அவருக்கு ஐம்பது அடி பிடித்தது.

எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு மலையை இறக்கிக்கொண்டிருந்தார் அவர். ஏன் என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டு, “மைலேஜ் கூடணும்ல சாமி” என்றார்.

அந்தச் சொற்கள் நம்மை அடித்தன. தம் நேர்மையை மெய்ப்பிக்க அவரிடம் இருந்த வழி அது ஒன்றுதான். அதற்காகத் தம் உயிரையும், நம் உயிரையும், பின்னால் சாய்ந்திருந்த ஓர் அப்பாவியின் உயிரையும் அந்தச் சரிவில் வைத்திருந்தார். வைக்கும்படி செய்தவர் நாம்.

பின்னர் விசாரித்து அறிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. மலைப்பாதையில் இதைச் செய்கிறவர்கள் இன்னும் பலர். பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிட விசை, எஞ்சின் ஓடும்போதுதான் உண்டாகிறது. எஞ்சினை அணைத்துவிட்டால் ஓரிரு மிதிகளுக்கு மட்டும் அது மிச்சமிருக்கும். பிறகு மிதி கல்லாகிவிடும். இடைவிடாமல் பிடித்த பிரேக் சூடேறிப் பிடிமானமும் இழக்கும். எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் இறக்கினாலும் இலாபமில்லை. கியரில் இருந்தபடி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். டீசல் பம்பு எரிபொருள் அனுப்புவதை நிறுத்திவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகவே டீசல் குடித்துக்கொண்டிருக்கும். ஆக, பாதுகாப்பான வழியே சிக்கனமான வழியும் ஆகும். ஏறுவதற்கு எந்த கியரோ, இறங்குவதற்கும் அதே கியர் என்ற பழைய பாடத்தில் இரண்டும் அடங்கியிருக்கின்றன.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை ஓட்டுநரை உள்ளே அழைத்து, நாற்காலியில் அமர வைத்து, வண்டிக்கு என்னதான் குறை என்று கேட்டோம். நாலு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை நாம் கேட்டது அதுவே முதல் முறை. அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “ரெண்டு விசயம் முன்னமே சொன்னேனே சாமி” என்றார்.

சொல்லியிருந்தார். வெப்பம் காட்டும் முள் மேலே ஏறவே மாட்டேன் என்கிறது என்று ஒருமுறை சொன்னார். வண்டி சூடாகாமல் இருப்பது நல்லதுதானே என்று நாம் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். பாட்டரி சரியில்லை, எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பத் தள்ள வேண்டியிருக்கிறது என்று இன்னொரு முறை சொன்னார். இன்னும் கொஞ்சநாள் ஓடட்டும் என்றோம். அந்தக் கொஞ்சநாள் ஓராண்டு ஆகியிருந்தது.

திண்டுக்கல்லில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். ஓட்டுநரும் உடன் வந்தார். மெக்கானிக் நாற்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. வண்டியைப் பின்புறம் ஜாக்கி கொடுத்துத் தூக்கினார். வலது சக்கரத்தைக் கையால் தள்ளினார், சுற்றியது. இடது சக்கரத்தைத் தள்ளினார், அசையவில்லை. நம்மையே தள்ளிப் பார்க்கச் சொன்னார். இரு கைகளாலும் முயன்றோம். முக்கால் சுற்றில் நின்றுவிட்டது. உள்ளே பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிட்டதால், பிரேக் ஷூ டிரம்மைப் பிடித்த பிடியை விடவில்லை. எத்தனை மாதங்களாகவோ அந்த வண்டி, ஒரு காலைக் கட்டிப்போட்ட மாடு வண்டியிழுப்பதைப் போல ஓடியிருக்கிறது. இழுத்த பாடெல்லாம் டிரம்மில் வெறும் சூடாகப் போயிருக்கிறது.

அடுத்தது அந்த முள். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்றொரு சிறு வால்வு உண்டு. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு, பெரும்பாலும் 80 டிகிரிக்குச் சற்று மேல் வரும்வரை, அது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாது. நம் வண்டியில் அந்த வால்வே இல்லை. 2021 தவக்காலத்தில் மலை ஏறும்போது எஞ்சின் கொதித்தது நினைவுக்கு வந்தது. அன்று உள்ளூரில் ஒருவர், அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். செலவில்லாத வைத்தியம் என்று நாம் மகிழ்ந்தோம். உண்மையில் கொதித்ததற்குக் காரணம், ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரின் குழாய்களில் படிந்திருந்த காரை. நோயை விட்டுவிட்டுக் காவலாளியை வெளியேற்றியிருக்கிறோம். அன்று முதல் எஞ்சின் குளிர்ந்தே ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுதாக எரிவதில்லை. எண்ணெய் இளகாமல் உராய்வும் கூடுகிறது.

மூன்றாவது கரும்புகை. டீசலை மிக நுண்ணிய தூறலாகச் சிலிண்டருக்குள் தெளிப்பது நாசில். தேய்ந்த நாசில் தெளிக்காது, சொட்டும். சொட்டிய டீசல் பாதி எரிந்து கரியாக வெளியேறும். பம்பு, நாசில் பார்க்கும் கடையில் நான்கையும் கழற்றிச் சோதித்தபோது இரண்டு சொட்டின. புழுதிச் சாலையில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டியும் மண்ணடைத்துக் கிடந்தது. போதிய காற்று இல்லாவிட்டாலும் டீசல் எஞ்சின் கரும்புகைதான் விடும். வண்டிக்குப் பின்னால் கறுப்பாக எழுந்து கலைந்த அந்தப் புகை, காசு கொடுத்து வாங்கிய டீசலேதான். ஓட்டுநர் திருடியதாக நாம் எண்ணிய டீசல், ஊரார் எல்லாரும் பார்க்க நம் கண்முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

டீசல் எஞ்சின் பிறந்ததே சிக்கனத்துக்காக என்பதை அந்நாள்களில் படித்து அறிந்தோம். 1858-இல் பாரிசில் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல், நீராவி எஞ்சின்கள் எரிபொருளை வீணாக்குவதைக் கண்டு மனம் வருந்தியவர். அக்காலத்தில் பெரும்பாலான நீராவி எஞ்சின்கள், நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைச் சுற்றியே வேலையாக மாற்றின. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட அவருடைய எஞ்சின் 26 பங்கை மாற்றிக் காட்டியது. அவர் பெயர் தாங்கிய எரிபொருளை நாம் அடுப்பங்கரைப் புகை போல வானில் விட்டுக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், நம்முடையது போன்ற பழைய எஞ்சினில் டீசலின் ஆற்றலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சக்கரம் நோக்கிப் போவதில்லை. மற்றது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகவே வெளியேறும். அந்த ஒரு பங்கையும் ஒட்டிப்போன பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் ஓட்டத்துக்கு என்ன மிஞ்சும்?

பட்டறை வேலை முடிந்தது. ஆனால் குறைகள் எல்லாம் இரும்பில் மட்டும் இருந்தனவா? பட்டறையில் காத்திருந்த வேளையில் ஒரு தாளை எடுத்து, வண்டியை நாம் நடத்திய விதத்தை எழுதத் தொடங்கினோம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆன்ம சோதனை செய்வது போலவே அது இருந்தது.

முதலாவது, நின்றபடி ஓடிய எஞ்சின். ஒவ்வொரு கிராமத்திலும் திருப்பலி முடிந்தபின் மக்களோடு பேசிக்கொண்டு நிற்பது நம் வழக்கம், அதை விடக்கூடாது. ஆனால் பாட்டரி பலவீனமாக இருந்ததால், கிளம்பும் முன்பே எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பார் ஓட்டுநர். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று மாதம் பத்து மணி நேரமாவது இப்படிப் போயிருக்கும். சிறிய டீசல் எஞ்சின் சும்மா நின்றாலே மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். மாதம் 7 லிட்டர் என்று வைத்தாலும் ஓராண்டில் ஏறத்தாழ 8,000 ரூபாய். நாம் மிச்சப்படுத்தியதாக எண்ணிய புதிய பாட்டரியின் விலை 6,500 ரூபாய்!

இரண்டாவது, வேகம். ஒரு கோயிலில் மறையுரை நீண்டுவிட்டால், அடுத்த கோயிலுக்குக் காலம் தவறிவிடும். “கொஞ்சம் அழுத்திப் போங்க” என்று சொல்லுகிறவர் நாம். நால்வழிச் சாலையில் முள் 80-ஐத் தொடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 55 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட எதிர்ப்பு 80-இல் இருக்கும். நடுவண் அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சி சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்று அது நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. மறையுரையை ஐந்து நிமிடம் குறைத்திருந்தால் டீசலும் குறைந்திருக்கும். கேட்டவர்களும் வருந்தியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, வேண்டாத பாரம். சென்ற ஆண்டுத் திருவிழாவின் பந்தல் கம்பிகள், ஓடாத ஜெனரேட்டர், கட்டியாகிப்போன இரண்டு சிமெண்ட் மூட்டைகள் ஆகியவை இறக்க ஆளில்லாமல் வண்டியிலேயே ஊர்சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றோடு, தார்ப்பாய் கட்டுவதற்காக வைத்த உயரமான இரும்புச் சட்டம் காற்றைக் கிழித்துக்கொண்டு நின்றது. மொத்தம் 200 கிலோவுக்குக் குறையாது. எல்லாவற்றையும் இறக்கினோம், மழைக்காலத்துக்கு மட்டும் சட்டத்தை மாட்டிக்கொள்வதென்று வைத்தோம்.

நான்காவது, சக்கரத்தின் காற்று. பஞ்சர் கடையில் கண்ணளவில் அடித்ததே கணக்காக இருந்தது. அழுத்தம் பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை, காலையில் வண்டி ஓடுமுன், சக்கரம் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க ஏற்பாடு செய்தோம். காற்றுக் குறைந்தால் மைலேஜ் பெரிதாகக் குறையாது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பின்படி, எல்லாச் சக்கரங்களிலும் அழுத்தம் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் நூற்றுக்கு 0.2 பங்கு நட்டம். ஆனால் டயர் ஓரங்களில் தேயும். சூடேறி வெடிக்கவும் கூடும்.

இத்தனைக்கும் நடுவே, பேரவை உறுப்பினர் ஒருவர் அன்போடு ஒரு காந்தத்தைக் கொண்டு வந்தார். டீசல் குழாயில் அதைக் கட்டிவிட்டால் மைலேஜ் கூடுமாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இவ்வகைக் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்து, குறிப்பிடத்தக்க பலன் எதையும் காணவில்லை. நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டோம். அலுவலக அறையில் குண்டூசிகளைச் சேர்த்து வைக்க அது மிகவும் உதவியது.

பிறகு அளந்தோம். அளக்கும் முறையைக் கற்றுத் தந்தவர் ஓட்டுநரே. ஒரே பங்க்கில், டேங்க் நிறையப் போட்டு, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே பங்க்கில் மறுபடி நிறையப் போட வேண்டும். இப்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ, அதனால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். ஒருமுறை பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். பிரேக் சரியானதும் 10.1 வந்தது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டும் நாசில்களும் மாற்றியபின் 11.4. பாட்டரி, பாரம், காற்று, வேகம் எல்லாம் ஒழுங்கானபின் 12.8. பழைய 13-ஐ அது எட்டவில்லை. பதினாறு வயது வண்டிக்கு அதுவே பெரிது. செலவு மொத்தம் 19,500 ரூபாய். மாதம் ஏறத்தாழ 4,700 ரூபாய் மிஞ்சியதால், ஐந்து மாதம் நிறைவதற்குள் அந்தப் பணம் திரும்பிவிட்டது.

மைலேஜ் கணக்கில் சேராத சேமிப்பு ஒன்றும் உண்டு. விடுதிக்கு அரிசி வாங்க ஒரு நாள், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோக ஒரு நாள், சிமெண்டுக்கு ஒரு நாள் என்று தனித்தனியே ஓடியவற்றை ஒரே பாதையில் இணைத்தோம். 1,500 கிலோமீட்டர் 1,250 ஆனது. ஓடாத கிலோமீட்டருக்கு டீசல் வேண்டியதில்லை. இந்த யோசனையும் ஓட்டுநருடையதுதான். எந்த நாளில் எந்தப் பாதை என்பது நம்மைவிட அவருக்குத்தானே தெரியும்!

குருமடத்தில் நாம் அறநெறி இறையியல் படித்தபோது, எட்டாம் கட்டளையின் கீழ் ‘அவசரத் தீர்ப்பு’ என்றொரு பாவம் பாடத்தில் வந்தது. போதிய அடிப்படையின்றி, பிறருக்கு ஓர் ஒழுக்கக் குறையை உண்மையென மனத்துக்குள் ஏற்றுக்கொள்வதே அது; வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் இதை எடுத்துரைத்து, பிறர் செயலுக்கு இயன்றவரை நற்பொருள் கொள்ள வேண்டும் என்ற லொயோலா இஞ்ஞாசியாரின் அறிவுரையை நினைவூட்டுகிறது. தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண் வாங்கினோம். முப்பது ஆண்டுகள் கழித்து, வாழ்க்கைத் தேர்வில் அதே கேள்வி வந்தபோது, ஒரு பூட்டை விடையாக எழுதினோம்.

ஏன் அப்படி எழுதினோம் என்று பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வண்டியைச் சோதிக்கப் பணம் வேண்டும், நேரம் வேண்டும், நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் மனம் வேண்டும். மனிதரைச் சந்தேகிக்க இவற்றுள் ஒன்றும் வேண்டாம். அதிலும் அவர் ஏழையாக இருந்துவிட்டால் சந்தேகம் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. ஏழை வீட்டில் ஒரு திருமணம் நன்றாக நடந்தால் நாம் கணக்குக் கேட்கிறோம். அந்தத் திருமணத்துக்கு அவர் மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயிருந்தன என்பது, பின்னர் வேறொருவர் வழியாக நமக்குத் தெரியவந்தது.

அக்டோபர் மாதப் பேரவைக் கூட்டத்தில், எல்லாரும் இருக்கையில், ஓட்டுநரையும் அழைத்து அமர வைத்து, கணக்கைப் படித்தோம். தவறு நம்முடையது என்று சொல்லி, அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் எழுந்து, தாமும் அப்படியே எண்ணியதாகச் சொல்லி வருந்தினார். அவருடைய கணக்குச் சரியானதுதான். அதிலிருந்து நாங்கள் எல்லாரும் எடுத்த முடிவுதான் தவறு. ஓட்டுநர் எழுந்து கும்பிட்டுவிட்டு அமர்ந்தார்.

கூட்டம் முடிந்ததும், அவரை அழைத்து டேங்க் பூட்டின் சாவியைக் கொடுத்து, பூட்டை எடுத்துவிடச் சொன்னோம். அவர் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

“இருக்கட்டும் சாமி. நீங்க இன்னும் ஒரு வருசத்துல மாறிப் போயிருவீங்க. அடுத்து வர்ற சாமிக்கும் என்னையத் தெரியாதுல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதைப்போலச் சொன்னார். மன்னிப்புக் கேட்டுவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நாம் எண்ணியிருந்தோம். நம் பாரம் இறங்கியிருக்கலாம். அவர்மீது நாம் ஏற்றியது அவ்வளவு எளிதில் இறங்குவதாக இல்லை. பழையபடி உள்ளே வந்து தண்ணீர் குடிக்க அவருக்கு மேலும் சில மாதங்கள் ஆயின.

அவர் சொன்னது உண்மை. 2024 மே மாதம் நமக்கு மாற்றல் வந்தது. புறப்படுமுன் பங்கின் வரலாற்றேட்டில் இரண்டு பக்கங்கள் எழுதினோம். அதில் வழக்கமாகக் கொடியேற்றம், ஆயர் வருகை, உறுதிபூசுதல், கட்டடத் திறப்பு ஆகியவைதான் இடம்பெறும். நாம் எழுதிய பக்கங்களிலோ பிரேக் சிலிண்டர், தெர்மோஸ்டாட், நாசில், மாதவாரி மைலேஜ் ஆகியவை இருந்தன. பூட்டு போடப்பட்ட காரணமும், அந்தக் காரணம் பொய்யென்று தெளிந்த விதமும் இருந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு சொட்டு டீசலுக்கும் கணக்குத் தவறாதவர் இவர் என்று நம் கையொப்பத்தோடு ஒரு வரியும் இருந்தது. புதிய பங்குத்தந்தையிடம் பீரோச் சாவிகளைக் கொடுக்குமுன் அந்த இரண்டு பக்கங்களைப் படிக்கச் செய்தோம். அவர் படித்து முடித்து, டேங்க் சாவி எது என்று கேட்டு வாங்கித் தனியே வைத்துக்கொண்டார். அதை அவர் என்ன செய்தார் என்று நாம் விசாரிக்கவில்லை.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் கடையிலும் தோட்டத்திலும் உங்களுக்காக உழைக்கிறவர்கள் உண்டு. என்றாவது ஒருநாள் கணக்கு இடிக்கும். அன்று பூட்டு வாங்கக் கடைக்குப் போகுமுன், சக்கரத்தைத் தூக்கி ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள். அதற்கும் முன்பாக, ஓட்டுகிறவரை உள்ளே அழைத்து அமர வைத்து, என்ன குறை என்று கேளுங்கள். ஒருவேளை அவர் முன்னமே சொல்லியிருப்பார்.